வலது கன்னத்து மரு

மார்ச் 12

அண்ணா,

இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீ அனுப்பிய தாள் வந்தது. மியூசியத்தில் மாட்டியிருக்கும் அப்பாவின் உருவப்படம் உன் கைவேலைதான் என்று குடும்பத்தார் உறுதி தர வேண்டுமாம். நான் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

அந்தச் செப்புத் தகட்டில் ஊசியால் கீறியது யார்? ஒன்பது நாள் மத்தியானம் அப்பா என் எதிரில் உட்கார்ந்து, தொடையில் தட்டி மெட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

“ஆடாம இருங்கப்பா.”

“நானா ஆடுறேன்? பல்லவி ஆடுதுடா. நீ கீறு.”

அச்சு இயந்திரம் உன்னிடம் இருந்ததால் தகட்டை உன்னிடம் தந்தேன். அச்சான படத்தின் கீழே பென்சிலால் உன் பெயரை எழுதிக்கொண்டாய். அப்பா இறந்த வாரம் அது. சாவு வீட்டில் சண்டை எதற்கு என்று விட்டேன்.

தகட்டில் கீறுவது அச்சில் இடம் வலமாகிவிடும். அதை மறந்து, கண்ணுக்குத் தெரிந்தபடியே கீறிவிட்டேன். இடது கன்னத்து மரு வலது கன்னத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. கற்றுக்குட்டியின் தப்பு. உன் தாள் என்ன சொல்கிறது? ‘அவர் கண்ணாடியில் தன்னைக் கண்டதுபோல் வேண்டுமென்றே அமைக்கப்பட்டது.’

படத்தை எடுத்துக்கொண்டாய். என் தப்பைக்கூடவா விட்டுவைக்க மாட்டாய்?

தம்பி

மார்ச் 20

அன்புத் தம்பிக்கு,

கடிதத்தைத் தொட்டாலே சுடுகிறது. தகடு உன்னுடையதுதான், யார் இல்லை என்றது? ஆனால் உன் பெயரில் அது என் பட்டறை வாசலைக்கூடத் தாண்டியிருக்காது. அப்பா அந்தச் சுவரில் இருப்பது என் பெயரால். மருவைப் பற்றி மியூசியத்தில் கேட்டார்கள். தப்பு என்றா சொல்வேன்?

“ஒரு மருவுக்காகவா ரெண்டு அரைக்கிழவனும் அடிச்சுக்கிறீங்க?” என்று உன் அண்ணி சிரிக்கிறாள். கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பு. இல்லையென்றால் படத்தை இறக்கிவிடுவார்கள். ஒருநாள் சாப்பிட வா.

அண்ணன்

மார்ச் 24

அண்ணா,

இறக்கட்டும். அப்பாவின் பாட்டு ஆணியில் தொங்கி வாழவில்லை.

அண்ணியிடம் சொல்: ஆமாம், மருவுக்காகத்தான். அந்தப் படத்தில் உன்னால் அழிக்க முடியாமல் போன என் கையெழுத்து அது ஒன்றுதான்.

சாப்பிட வரமாட்டேன். உன் தாளை வந்தபடியே திருப்பி அனுப்புகிறேன். இந்தக் கடிதத்திலும் என் பெயரை எழுதாமல்தான் தபாலில் போடப்போகிறேன். கீழே இடம் விட்டிருக்கிறேன். உனக்குப் பழக்கமானதுதானே, நீயே போட்டுக்கொள்.