ஒட்டுமாவின் முதல் பூ

மஸ்கட்
12.2.1984

அன்புள்ள கமர்நிசாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் நான் சுகம். உன் சுகமும், அத்தாவின் மூட்டுவலி தேவலையா என்பதும் அறிய ஆவல்.

குரங்கணி அடிவாரத்தில் நான் அனுப்பிய பணத்தில் நாம் வாங்கிய நிலத்தில் ஒட்டுமாங்கன்றுகள் பூத்திருப்பதாக நீ எழுதியதை அறையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். கம்பத்துக் காசிமாயன், "மரம் எம்புட்டு ஒசரம்ணே?" என்றான். நிலத்தையே இன்னும் பார்க்காத நான் என்ன சொல்வேன்? கையைத் தோள்வரை தூக்கிக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

பூவையெல்லாம் கிள்ளிவிட வேண்டும் என்று அத்தா சொல்வது சரி. இளங்கன்று காய் சுமந்தால் வளராது. இன்னும் இரண்டு வருஷம் பொறுத்தால் லோடு லோடாகக் காய் இறங்கும். அப்புறம் எனக்கு இங்கே என்ன சோலி?

ஒவ்வொரு கன்றின் பக்கத்திலும் போய் நின்று பார். உன் தோளுக்கு வருகிறதா, காதுக்கு வருகிறதா என்று எழுது. அடிக்கணக்கில் எழுதினால் எனக்கு விளங்காது. செருப்புப் போட்டுக்கொண்டு போ.

கடிதத்தை ஊருக்குக் கொண்டுபோகிறவர் வாசலில் நிற்கிறார். சரியாக உன் உயரம் இருக்கிற மரத்தில் மட்டும் பூவைக் கிள்ள வேண்டாம். எனக்கு லீவு கிடைக்காவிட்டாலும் அது காய்க்கட்டும்.

உன்
கலீபுல்லா