அத்தை மேடமும் அசையாத தரையும்

மார்ச் 3
பழைய விரிவுரைக் கட்டடத்தை இடிக்காமலே ஆய்வுக்கூடமாக மாற்றிக் காட்டுகிறேன் என்றேன். பல்கலைக்கழகம் மூன்று வாரம் கொடுத்திருக்கிறது. அதற்குள் நிரூபிக்காவிட்டால் இடிப்பு. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பொறியாளராகி ஒன்பது வருடத்தில் நானே கேட்டு வாங்கிய முதல் வேலை.

ஒரே ஒரு சிக்கல். அங்கே ஆய்வு செய்யப்போகும் பேராசிரியர் என் மாமியார்.

மார்ச் 4
வேலையிடத்தில் 'மேடம்', வீட்டில் 'அத்தை' என்று முடிவுசெய்திருந்தேன். காலையிலேயே வாய் குழறி 'அத்தை மேடம்' என்றுவிட்டேன். மேஸ்திரி செருமிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அத்தைக்குப் புதுக் கட்டடம்தான் வேண்டும். அவருடைய நுண்ணோக்கி அணுவைக் காட்டுமாம். தரை இம்மி அசைந்தாலும் படம் கலங்கிவிடுமாம். "இந்தக் கட்டடம் தும்மினாலே ஆடும்" என்றார்.

மார்ச் 9
சுவர் மூன்றடி கனம், முழுக்கக் கருங்கல். இதை உடைத்து அள்ளிவிட்டு அதே இடத்தில் புதுசாக சிமெண்ட் கொட்டுவதா? மனசு வருமா?

கழற்றிய தேக்குக் கதவுகள் பதினெட்டு. எல்லாம் மேசையாகப் போகின்றன. தச்சர் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார், பெண் பார்க்க வந்தவர் மாதிரி.

மார்ச் 10
சாப்பிடும்போது அத்தைக்கும் எனக்கும் அதிர்வு பற்றி வாக்குவாதம். கணவர் தட்டைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார்.

மார்ச் 17
தோற்றேன். மாடியில் ஓர் ஆள் நடந்தாலே கீழே அதிர்வுமானியின் கோடு எகிறுகிறது. அத்தை கோட்டைப் பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். திட்டித் தொலைத்திருக்கலாம். எதுக்கு இவ்ளோ ஆசப்பட்டேன்?

மார்ச் 19
பிடித்துவிட்டேன்! தரை தூண்களோடு ஒட்டியிருக்கிறது. மாடியின் ஆட்டம் அந்த வழியாகத்தான் இறங்குகிறது. தரையை வெட்டினோம். கீழே பாறை— நிஜப் பாறை. பயன்படாத வெளிப்படிக்கட்டின் கற்பலகைகளை அதன் மேல் அடுக்கி, சுற்றிலும் விரலகலம் இடைவெளி விட்டால் போதும். நுண்ணோக்கிக்குத் தனித் தீவு. "இதுக்கா ரெண்டு நாளா சோறு தண்ணியில்லாம திரிஞ்சீங்க?" என்றார் மேஸ்திரி.

மார்ச் 23
தீவு தயார். மேஸ்திரியின் ஆட்கள் மாடியில் நடந்தார்கள். கோடு அசையவில்லை. அத்தை நம்பவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அவரே மேலே போனார். நான் கீழே திரையைப் பார்க்கிறேன், தலைக்கு மேல் தொம் தொம்மென்று சத்தம்— குதிக்கிறார். அறுபத்தொரு வயதில். கோடு படுத்தே கிடந்தது.

படிக்கட்டிலிருந்து குரல் வந்தது. "ஆடுதா?"

"இல்ல அத்தை."

"பொய் சொல்லாத."

"நீங்களே வந்து பாருங்க மேடம்."

வரவில்லை. இன்னும் நாலு குதி குதித்தார். அது சோதனைக்காக இல்லை என்று அடித்துச் சொல்வேன்.

மார்ச் 24
கையெழுத்தாகிவிட்டது. இடிப்பு இல்லை. கன்னம் வலிக்கிறது, சிரித்துச் சிரித்து.

நவம்பர் 6
ஆய்வுக்கூடம் திறந்து ஒரு மாதம். காலையில் அத்தை போன் செய்தார். நுண்ணோக்கிக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பதறினேன். அது இல்லையாம். பின்னாலிருக்கும் பழைய மாணவர் விடுதியை இடிக்கப் போவதாகப் பேச்சு அடிபடுகிறதாம்.

"அளவு நாடாவ எடுத்துட்டு சீக்கிரம் வா. கதவு பூட்டியிருந்துச்சு, நான் ஜன்னல் வழியா உள்ள வந்துட்டேன்."