அப்பாவின் சட்டை அளவு

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் என் வாலுப் பேரனும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், முதலில் அது போதும் எனக்கு. இங்கே நாங்களும் அப்படித்தான் என்று அடுத்த வரி எழுத வேண்டும், இந்தத் தடவை அதை எழுதக் கை வரவில்லை கண்ணு. போன் இருக்கும்போது அம்மா எதற்குக் காகிதத்தையும் பேனாவையும் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் அப்பா ஸ்பீக்கரைப் போடச் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து என் வாயையே பார்க்கிறார், நான் எதைச் சொல்ல முடியும் சொல். போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டாயே, அப்பா பிறந்த நாளுக்குச் சட்டை எடுக்கப் போகிறேன், பழைய அளவுதானே அம்மா என்று. அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிப் போனை வைத்தேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. தெருவில் பாதிப் பேருக்கு அளவெடுத்துத் தைக்கிறவள் கட்டின புருஷனின் அளவைச் சொல்ல முடியாமல் சமையலறையில் போய் நின்றேன். அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கடிதம். நம் தையல் கடைக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் இதைப் படமெடுத்து உனக்கு அனுப்பித் தருவார். அவர் படித்துவிடுவாரோ என்று பயப்படாதே, கண்ணாடியைத் தொலைத்து ஒரு மாதம் ஆகிறது, கல்லாப்பெட்டியையே தடவித்தான் திறக்கிறார்.

நாங்கள் போகிற கேன்சர் ஆஸ்பத்திரியில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். யாராவது ஒருத்தர் தப்புச் செய்திருந்தால் அவரையாவது திட்டித் தீர்த்திருப்பேன். ஆபரேஷன் ஒரு மாடியில், மருந்து ஏற்றுவது ஒரு மாடியில், சாய்வு நாற்காலி, ஜன்னல் பக்கம் செடிகள், என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்ல ஒரு அம்மா, கை காலை ஆட்டி நடக்கச் சொல்லிக் கொடுக்க ஒரு தம்பி, மனசு விட்டுப் பேச ஒரு பெண், முடி கொட்டினவர்களுக்குத் தொப்பியும் விக்கும் வைத்துப் பார்க்க ஒரு தனி அறை, அதில் பெரிய கண்ணாடி. நோயாளியின் வீட்டுக்காரர்கள் கூடிப் பேச வியாழக்கிழமைதோறும் ஒரு கூட்டம் வேறு. முதல் நாள் இதையெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு உன் அப்பா என்ன சொன்னார் தெரியுமா, இது நம்ம பஸ் டிப்போ மாதிரியே இருக்கு, டயருக்கு ஒருத்தன், என்ஜினுக்கு ஒருத்தன், பிரேக்குக்கு ஒருத்தன், உள்ள போன வண்டி ஓடாம வெளிய வருமா என்றார். மருந்து ஏற்ற உட்கார்ந்தால் நர்சைப் பார்த்து, ஃபுல் டேங்க் போடும்மா என்பார். அங்கே எல்லோருக்கும் அவர் டிரைவர் சார்தான். எனக்கும் அந்த ஆளைப் பார்த்துப் பார்த்து நம்பிக்கை வந்துவிட்டது.

ஆனால் உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது. ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப நீலக் கட்டம் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் என் கை முழுசாய் நுழையும் அத்தனை இடம். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தவர், இன்னிக்கு வேணாம், நாளைக்குப் போகலாம் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். எத்தனை கெஞ்சியும் எழுந்திருக்கவில்லை. மருந்து போட வேண்டிய நாள் தள்ளிப்போனது. எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். அவர் தூங்கும்போது சட்டைகளைக் கடைக்கு எடுத்துப்போய்ப் பக்கத் தையலை உள்ளே தள்ளிப் பிடித்தேன், சட்டைக் கையைப் பிரித்து ஷோல்டரைக் குறைத்தேன், காலர் பட்டனை நகர்த்தி வைத்தேன். அடுத்த தடவை போட்டுப் பார்த்தார், தலை சீவிக்கொண்டு கிளம்பிவிட்டார். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் உன்னைப் பெற்ற அன்றைக்குக்கூட இருந்ததா என்று தெரியவில்லை, கோபித்துக்கொள்ளாதே. அதற்குப் பிறகு அவர் இளைக்க இளைக்க நானும் பிடித்துக்கொண்டே வந்தேன். ஆஸ்பத்திரியில் எடை பார்க்கிற மெஷினில் ஏறிவிட்டு, நம்பரை எங்கிட்ட சொல்லாதீங்க, இந்த மெஷின் பொய் சொல்லும், என் பொண்டாட்டி தைச்ச சட்டை பொய் சொல்லாது, பாருங்க கச்சிதமா இருக்கு என்று நர்சிடம் பெருமையடித்துக்கொண்டார். நான் பக்கத்தில் நின்றுகொண்டு பையில் எதையோ தேடுவது போலத் தேடினேன். பிடித்த இடத்தில் மிச்சத் துணியை நான் வெட்டவில்லை கண்ணு. எல்லாவற்றையும் உள்ளேயே மடித்து விட்டிருந்தேன். உடம்பு தேறும்போது பிரித்துவிட வேண்டுமே, துணி இல்லாமல் போய்விடக் கூடாதே என்று அப்படி ஒரு நினைப்பு.

இனி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். மருந்து போடுவதை நிறுத்திவிட்டார்கள். லீவு விட்டிருக்கிறார்கள் என்று உன்னிடம் சொன்னது லீவு இல்லை. பெரிய டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து, ஸ்கேன் படத்தைக் காட்டி, குடலில் இருந்தது ஈரலுக்குப் போய்விட்டது, மருந்து இனி நோயை விட உடம்பைத்தான் அடிக்கும் என்று பொறுமையாகச் சொன்னார். இப்போதைக்கு நிறுத்திடலாம் ஐயா, இனிமே வலி இல்லாம, மூச்சுத் திணறல் இல்லாம உங்களைப் பார்த்துக்கறதுதான் எங்க வேலை என்றார். உன் அப்பா அத்தனை பேச்சிலும் இப்போதைக்கு என்கிற ஒரு வார்த்தையை மட்டும் எடுத்து மடியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். வெளியே வந்ததும், கேட்டியா, இப்போதைக்குன்னுதான் சொன்னார், உடம்பு தேறினதும் மறுபடி ஆரம்பிப்பாங்க என்றார். டாக்டர் என் முகத்தைப் பார்த்த பார்வை எனக்குத்தானே தெரியும். உன்னிடம் சொல்ல வேண்டும் என்று நான் எடுத்தபோதெல்லாம், புது வேலையில சேர்ந்திருக்கா, இப்ப லீவு கேட்டா நல்லாவா இருக்கும், நான் தேறினப்புறம் வந்து சுத்திப் பார்த்துட்டுப் போகட்டும் என்று அடக்கிவிட்டார். நானும் அடங்கிவிட்டேன்.

வீட்டுக்கே வந்து பார்க்கிற நர்ஸ் ஒருத்தி உண்டு, அதே ஆஸ்பத்திரியிலிருந்து வேனில் வருவாள். முதலில் அவளை உள்ளே விடமாட்டேன் என்று அடம்பிடித்தார், படுத்த படுக்கையா கிடக்கிறவங்க வீட்டுக்கில்ல போகணும் நீ என்று. அவள் சளைக்கவில்லை. ஐயா, வண்டி ரிப்பேரானா மட்டுந்தான் மெக்கானிக்கைப் பார்ப்பீங்களா, நடுவுல ஒரு செக்கப் கிடையாதா என்று கேட்டு அவர் வாயை அடைத்துவிட்டாள். பிறகு அவள் வேன் சத்தம் கேட்டாலே ஜன்னலுக்குப் போய், டிரைவர் கிளட்சை மிதிச்சே தேய்க்கிறான் என்று குறை சொல்கிற அளவுக்குச் சிநேகம். வலிக்கு மருந்து எப்படிக் கொடுப்பது, வாய் உலர்ந்தால் என்ன செய்வது, எல்லாம் அவள்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். ஏதாவது மாறுதல் தெரிஞ்சா உடனே போன் பண்ணுங்கம்மா, சின்ன விஷயம்னு விட்டுடாதீங்க என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுத்தான் போவாள்.

ஒரு காலையில் அப்பா கூப்பிட்ட குரலில் நான் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடினேன். கட்டம் போட்ட சட்டையோடு நிற்கிறார், வயிற்றுப் பக்கம் பட்டன் இழுத்துப் பிடிக்கிறது, முகமெல்லாம் சிரிப்பு. பார்த்தியா, நான் சொல்லல, சதை பிடிக்குது என்றார். எத்தனை மாதம் கழித்துப் பார்த்த சிரிப்பு அது. கன்னம் ஒட்டிக் கிடக்கிறது, கை குச்சியாக இருக்கிறது, வயிறு மட்டும் எப்படிச் சதை பிடிக்கும் என்று யோசிக்க வேண்டாமா நான். யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஒரு நொடி வந்தது அந்த நினைப்பு, தள்ளிவிட்டேன். உள்ளே விட்டிருந்த துணி இருக்கிறதே என்று கைதான் முந்திக்கொண்டது. கடைக்குப் போய்ப் பக்கத் தையலைப் பிரித்துவிட்டேன். பிரிக்கும்போது பாட்டுக்கூட முணுமுணுத்தேன் என்று நினைக்கிறேன். இரண்டு நாள் போனது, மறுபடி இறுக்கம், மறுபடி பிரித்தேன். மல்லாந்து படுத்தா மூச்சு வாங்குது என்றார், தலையணையை உயர்த்தி வைத்தேன். நர்சுக்குப் போன் செய்யத் தோன்றவில்லை. சட்டை இறுக்கிப் பிடிக்கிறது என்பதற்கு நர்சை யாராவது கூப்பிடுவார்களா, தையல்காரி வீட்டிலேயே இருக்கும்போது.

அவள் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்ததுமே முகம் மாறிவிட்டது. என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போய், எப்போதிருந்து இப்படி என்று கேட்டாள். நான் சட்டையைத் திருப்பி, இது முதலில் பிரித்தது, இது இரண்டாவது என்று ஊசித் துளைகளைக் காட்டினேன். பார்த்துவிட்டு, அம்மா, இது சதை இல்லை, வயித்துல நீர் கோத்திருக்கு, தையலைப் பிரிக்கறதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிட்டிருக்கணும் என்றாள். திட்டவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள், திட்டியிருந்தால் தேவலை. முன்னமே கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். அதெல்லாம் மாறியிருக்காதும்மா, ஆனா இத்தனை நாள் மூச்சுக்குக் கஷ்டப்பட்டிருக்க வேண்டாம் என்றாள். அந்த ஒரு வாக்கியம் என்னை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. ஊசியில் நூல் கோக்கும்போதும் அதுதான், சாப்பிட உட்கார்ந்தாலும் அதுதான். அவர் திணறிக்கொண்டிருந்தார், நான் சந்தோஷமாகத் தையல் பிரித்துக்கொண்டிருந்தேன். எந்த ஊரில் எந்தப் பெண்டாட்டி இப்படிச் செய்வாள் கண்ணு.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஊசி வைத்து நீரை எடுத்தார்கள். வாளி வாளியாக வந்தது என்று சொன்னால் மிகை, ஆனால் என் கண்ணுக்கு அப்படித்தான் இருந்தது. அவர் உள்ளே இருந்தபோது மனசு விட்டுப் பேச வைத்திருக்கிற அந்தப் பெண் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். இத்தனை நாள் அந்தப் பக்கமே தலை வைத்துப் படுக்காதவள் நான், வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு ஒரே ஒரு நாள் போய், பக்கத்து நாற்காலிக்காரியின் ரவிக்கைக் கொக்கியைத் தைத்துக் கொடுத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் வந்தவள். அன்றைக்கு அவள் முன்னால் உட்கார்ந்து கொட்டித் தீர்த்துவிட்டேன். மகளுக்குத் தெரியுமா என்றாள். தெரியாது என்றேன். தெரிஞ்சா வருவாங்களா, வரமுடியாம போகுமா, அது அவங்க முடிவும்மா, நீங்க ரெண்டு பேரும் அவங்களுக்காக அந்த முடிவை எடுத்து வச்சிருக்கீங்க என்றாள்.

வீட்டுக்குக் கிளம்ப அந்தச் சட்டையையே போட்டுவிட்டேன். நீர் போன வயிற்றில் அது தொளதொளவென்று தொங்கியது. ஆஸ்பத்திரி நடைவழியில் அந்தத் தொப்பி அறையின் பெரிய கண்ணாடி திறந்த கதவு வழியே தெரிகிறது, வேறு பக்கம் கூட்டிப்போக நினைத்தேன், அதற்குள் நின்றுவிட்டார். தன்னையே பார்த்தார், பிறகு சட்டையின் ஓரத்தைத் திருப்பிப் பழைய துளை வரிசையை விரலால் தடவிப் பார்த்தார். வழியில் டாக்சிக்காரன் கியர் மாற்றத் தெரியாமல் கடகடவென்று இழுத்தான், அதற்குக்கூட வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் நான் சட்டையைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப்போகிற பையில் போட்டேன். பார்த்துக்கொண்டிருந்தவர், அதை அப்படியே விட்டுடு, இனிமே பிடிக்க வேணாம் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, அவ எப்ப வர்றா என்று கேட்டார். நோய் வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூடக் கேட்காத கேள்வி கண்ணு. வேலை, லீவு என்று ஒரு பேச்சும் சேர்க்கவில்லை. அவ எப்ப வர்றா, அவ்வளவுதான். நான் கேட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

அதனால் கேட்கிறேன். எவ்வளவு நாள் என்று டாக்டர் சொல்லவில்லை, நர்சைக் கேட்டேன், மகள் வர்றதா இருந்தா இப்பவே வரச் சொல்லுங்க என்றாள். நீர் மறுபடி கோக்கும் என்றும் சொல்லியிருக்கிறாள், இந்தத் தடவை டேப்பை வைத்து வயிற்றளவு பார்த்து தினமும் அவளுக்குச் சொல்கிறேன். அந்த வாலையும் கூட்டிக்கொண்டு வா, வயிற்றில் ஏறி விளையாடக் கூடாது என்று வரும்போதே சொல்லிவிடு, பக்கத்தில் உட்கார்ந்து பஸ் ஓட்டி விளையாடட்டும், ஹார்ன் தாத்தா அடிப்பார். வாசலில் அப்பாவைப் பார்த்ததும் உனக்குத் தூக்கிவாரிப்போடும், அதற்காகத்தான் இவ்வளவும் விவரமாக எழுதினேன், அழுகிற அழுகையை இதைப் படித்துக்கொண்டே அழுதுவிடு, இங்கே அழவே கூடாது என்று சொல்லவில்லை, முதல் ஐந்து நிமிஷம் மட்டும் அடக்கிக்கொள். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால் சண்டை போடாதே, வரும்போது வரட்டும். இன்னொன்று, அப்பாவுக்குக் குடலில் வந்ததால் பிள்ளைகளும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல் செய்துகொள், என் தலை மேல் சத்தியம். வழியில் நேரத்துக்குச் சாப்பிடு.

நீங்கள் மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு, உடம்பில் ஒரு வலி தெரியாமல் வாழ வேண்டும். வேண்டிக்கொள்ள இப்போது எனக்கு வேறு எதுவும் மிச்சமில்லை, இருப்பதெல்லாம் உங்களுக்கே. நீ கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை பார். சட்டை எடுக்காதே கண்ணு. இன்றைக்கு நான் எந்த அளவைச் சொன்னாலும் நீ வந்து சேர்வதற்குள் அது தப்பாகிவிடும். கையை வீசிக்கொண்டு வா, சீக்கிரம் வா.

இப்படிக்கு,
உன் பதிலுக்காகப் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கும்
அம்மா