தங்கத்துக்குக் கை கொடாதே

தூத்துக்குடி
12-8-77

அன்பு மகன் சொரிமுத்துவுக்கு அப்பா எழுதுவது. செந்தூரான் புண்ணியத்தில் இங்கன எல்லாரும் சுகம், குவைத்து வெயிலில் நீயும் உடம்பைப் பார்த்துக்கொண்டு சுகமாயிருக்க வேணும். புது ஹார்பருக்குக் கப்பல் வரத்து நல்லாயிருக்கு, எட்டயபுரம் சந்தையில் நான் பிடிக்கிற ஆடெல்லாம் கப்பல் சமையலுக்கே போய்விடுகிறது, யாவாரத்தில் குறையில்லை. குறையெல்லாம் வீட்டுக்குள்தான். உன் மகள் தங்கத்துக்கு நாலு வயசாகியும் பேச்சு வரவில்லை என்று மருமகள் வடிவு மதுரைக்குக் கூட்டிப்போனாளே, அங்கே பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா சோதித்துவிட்டு, காது நல்லாக் கேட்குது, நாக்கிலும் குற்றமில்லை, முதலில் தாத்தா கையைக் கட்டிப்போடுங்கள் என்று சொல்லிவிட்டாள். சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவோமே, அதை நான்தான் விளையாட்டாகப் பிள்ளைக்குப் பழக்கினேன். ஒரு விரல் பிடித்தால் தண்ணீர், ரெண்டு விரல் பால், முழுக் கையும் பிடித்தால் தூக்கிக்கொள்ளணும். கெட்டிக்காரி, சீக்கிரமே தரகனை மிஞ்சிவிட்டாள், நானும் சந்தை முழுக்கப் பெருமையடித்தேன். வாய் திறக்காமலே எல்லாம் கிடைத்தால் அவள் எதுக்குப் பேசணும் என்று அந்தம்மா கேட்டாளாம். இனி விரல் கொடுக்கக்கூடாதாம், பாலுக்குப் 'பா' என்றாவது சத்தம் வரும்வரை காத்திருக்கணுமாம், இதுதான் பயிற்சி.

நேற்று என் மூடின கையை ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்தாள், முடியாமல் கடித்துவிட்டாள். வடிவு பால் டம்ளரோடு நின்று அழுதாள். ஏளா, பட்டினி போட்டா அழுகைதான் வரும், பேச்சா வரும் என்று உன் அம்மா தெருவே கேட்கக் கத்தினாள். அவள் எழுதினதை மட்டும் நம்பி நீயும் போன கடிதத்தில் நிறுத்தச் சொல்லி எழுதிவிட்டாய். கையைத் திறந்தால் பிள்ளை ஊமையாகவே நின்றுவிடும், மூடினால் என்னைப் பகையாளியாகப் பார்க்கிறாள். அறுக்கக் கட்டின ஆடு மாதிரி இருக்கேன், எந்தப் பக்கமும் நகர முடியவில்லை. ஆனாலும் நிறுத்த மாட்டேன். கடித்துவிட்டு விலகும்போது அவள் வாயில் 'ப்' என்று ஒரு சத்தம் வந்தது. வடிவும் கேட்டாள், நானும் கேட்டேன், உன் அம்மாதான் அது ஏப்பம் என்று சாதிக்கிறாள். ஐப்பசி லீவில் நீ வந்து இறங்கினதும் முதலில் உன் கையைத்தான் தேடுவாள். ரெண்டு வருசம் பாராத பிள்ளை என்று மனசிளகிக் கொடுத்துவிடாதே, மூடிக்கொண்டு அவள் வாயைப் பார்த்து நில்லு.

வேளைக்குச் சாப்பிடு. முருகன் உன்னைக் கைவிட மாட்டான்.

இப்படிக்கு
உன் அப்பா
சிவனணைந்தபெருமாள்

மறந்துவிட்டேன், முழுக் கையையும் பிடித்தால் மட்டும், வடிவு பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துத் தூக்கிவிடுகிறேன். அவளுக்கு எழுதிவிடாதே.