ஒரு ஆள் உயரம் அதிகமான ரன்வே

கோரிப்பாளையத்து மாப்ள, என் சாகுலுக்கு,

முப்பது வருஷப் பழக்கத்தில் உனக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. எழுத அவசியம் வந்ததில்லை. டூட்டி முடிந்து பஸ்ஸை விட்டால் நேராக உன் ஸ்டூடியோ மாடிக்கு வந்து நிற்கிறவன் எதற்குக் கடிதம் எழுத வேண்டும்? நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது ஒரு விஷயத்தில் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. கேட்க ஆள் இல்லை.

விஷயம் இதுதான். உன் கம்ப்யூட்டர் சாகக் கிடக்கிறது. மன்னித்துக்கொள், வேறு வார்த்தை வரவில்லை.

வேறு யாராவது படித்தால் புரிவதற்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், நீ பொறுத்துக்கொள். நான் கல்லுப்பட்டி ரூட்டில் பஸ் ஓட்டுகிறவன். நீ கல்யாண வீடுகளில் போட்டோ எடுத்தவன். இரண்டு பேரும் ஒரு நாள்கூட விமானம் ஏறியதில்லை. ஆனாலும் பதினாறு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் உன் வீட்டு மாடியில் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்து, கம்ப்யூட்டருக்குள் விமானம் ஓட்டினோம். பிளைட் சிமுலேட்டர் என்று பெயர். நிஜ விமானத்தில் இருக்கிற அத்தனை முள் மீட்டரும் திருகும் அதில் உண்டு. என் வீட்டுக்காரி செல்விக்கு மட்டும் அது கடைசிவரை வீடியோ கேம்தான். "ஆறு நாளும் ஸ்டீயரிங்கப் பிடிச்சது பத்தாதாக்கும், ஏழாவது நாளும் போயிப் பிடிக்கிறாரு" என்று உன்னிடமே எத்தனை முறை புகார் சொல்லியிருக்கிறாள்.

அதை வாங்கி வந்த அன்று உனக்கு வந்த கோபத்தை நான் மறக்கவில்லை. லண்டன் இருந்தது, துபாய் இருந்தது. மதுரைக்கு ரன்வே என்று ஒரு சாம்பல் கோடும் சுற்றிலும் பழுப்பு மண்ணும்தான். "என்னடா மாப்ள இது, இம்புட்டுச் சனம் இருக்குற ஊர ஆளில்லாத பொட்டலா போட்டு வச்சிருக்கான்!" என்று கத்தினாய். அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாய், நம் மதுரையை நாமே கட்டுவது என்று.

மூன்று வருஷம் கம்ப்யூட்டருக்குள் கட்டினாய். ஸ்கூட்டரில் போய் ஒவ்வொரு கட்டடத்தையும் நேராக நின்று படம் எடுப்பாய். பிறகு கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு அதன் நீளத்தைக் காலடியால் அளப்பாய். எத்தனை எட்டு என்று என்னிடம் சொல்ல, நான் டிக்கெட் அட்டையின் பின்பக்கம் குறித்துக்கொள்வேன். பரவை மார்க்கெட்டை அளந்தபோது வெங்காய மூட்டைக்காரர்கள் நம்மை நிலம் எடுக்க வந்த ஆட்கள் என்று நினைத்து மடக்கினார்களே, நினைவிருக்கிறதா? கோரிப்பாளையம் தர்காவின் குவிமாடத்துக்கு மட்டும் நாலு மாசம். கடைசியாக அந்த மதுரையில் உன் வீட்டையும் எழுப்பி, மொட்டைமாடியில் ஒரு துணிக்கொடி கட்டி, அதில் உன் வீட்டுக்காரி நசீமாவின் பச்சைச் சேலையைக் காயப் போட்டாய்.

எல்லாம் சரியாகச் செய்தவன் ஏர்போர்ட்டில்தான் கோட்டைவிட்டாய். அடிக் கணக்கை மீட்டர் என்று நினைத்துப் போட்டுவிட, நம் ஏர்போர்ட் போய் மலை உச்சியில் உட்கார்ந்துகொண்டது. "திருப்பரங்குன்றத்துக்கும் மேல போய் நிக்குதுடா!" என்று இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். பிறகு கண் மதிப்பில் கீழே இறக்கினாய். இறங்கியது, ஆனால் முழுசாக இறங்கவில்லை. கண்ணுக்குத் தெரிகிற ரன்வே ஒன்று, சக்கரம் தொடுகிற ரன்வே அதற்கு மேலே இன்னொன்று. இறங்க இன்னும் இடம் இருக்கிறது என்று நினைக்கும்போதே டொம்மென்று அடி விழும்.

"இன்னும் ஒரு ஆள் உசரம் இறக்குடா" என்றேன். "எந்த ஆளு? ஒன்னைய மாதிரி நெட்டையா, என்னைய மாதிரியா?" என்றாய். உன்னை மாதிரி குட்டைதான் என்றேன். ரோஷம் வந்துவிட்டது உனக்கு. "அப்ப மாத்த மாட்டேன். நீ முன்னாடியே மூக்கத் தூக்கிப் பழகிக்க." அதோடு சரி. பதிமூன்று வருஷம் நான் விமானத்தின் மூக்கை முன்னாடியே தூக்கித்தான் இறக்கினேன். நீ பக்கத்து நாற்காலியில் மேஜையைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பாய்.

ஒரு கல்யாண மண்டபத்தில், கேமராவைக் கழுத்தில் மாட்டிய மேனிக்கே நீ சரிந்து போன பிறகு, நசீமா அந்தக் கம்ப்யூட்டரை என்னிடம் கொடுத்துவிட்டாள். "எனக்கு இத வச்சுப் பாக்கத் தெரியாதுண்ணே, நீங்க ஓட்டுங்க" என்றாள். பரவைக்குக் கொண்டுவந்து என் வீட்டு முன்னறையில் வைத்தேன். செல்வி தானே ஒரு துணி போட்டு மூடி வைத்தாள்.

இப்போது அது மூன்று முறை அமுக்கினால் ஒரு முறை உயிர் வருகிறது. கம்ப்யூட்டர் கடை பாண்டி வந்து கழற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "அண்ணே, இனிமே ஏறுனா ஏறுச்சு, இல்லாட்டி இல்ல. புது மெஷின் போடுங்க. ஆனா ஒண்ணு, புதுசுல இந்தப் பழைய சிமுலேட்டர் ஓடாது. இப்ப வந்துருக்குற சிமுலேட்டரப் போட்டா, சாகுல் அண்ணன் செஞ்ச மதுரை அதுல ஏறாது." காப்பி எடுத்து வைக்கலாமே என்றேன். "எடுக்கலாம். பென்டிரைவ்ல சும்மா கெடக்கும். தொறந்து பாக்க முடியாதுண்ணே. அதான் புதுசுல சாட்டிலைட்டு எடுத்த ஊரே இருக்குல்ல, இத வச்சு என்ன செய்யப் போறீங்க?"

என்னத்தைச் சொல்ல? எனக்கு அலுத்துவிட்டது மாப்ள. போனை மாற்று என்கிறான், பஸ்ஸில் டிக்கெட் மெஷினை மாற்றிவிட்டான், கியர் இல்லாத பஸ் வரப்போகிறது என்கிறான். அடுத்த வருஷம் ரிட்டயர்மெண்ட். இடது முழங்கால் கிளட்ச் மிதித்தே போயிற்று. உன் கோரிப்பாளையத்தைப் பார்த்தால் உனக்கே அடையாளம் தெரியாது. மேம்பாலத்துக்குத் தூண் தூணாக எழுப்பி வைத்திருக்கிறார்கள், அதற்குள் நான் பஸ்ஸைத் திருப்பி வெளியே வருவதற்குள் தாவு தீர்ந்துவிடுகிறது. உன் ஸ்டூடியோவில் மொபைல் கவர் விற்கிறார்கள். பழையபடி இருந்தது அந்தப் பெட்டிக்குள் இருக்கிற மதுரை ஒன்றுதான். அதையும் மாற்று என்றால் நான் எங்கேதான் போய் உட்காருவது?

என் கவலை என்னைப் பற்றி மட்டும் இல்லை. நசீமா இப்போது வீட்டிலேயே பிரியாணி ஆர்டர் எடுத்துச் செய்கிறாள். கைப்பக்குவம் தெரியும்தானே, ஆள் மூச்சுவிட நேரமில்லாமல் இருக்கிறாள். வெங்காயம் எடுக்கப் பரவை மார்க்கெட்டுக்கு வருகிற அன்றைக்கு நம் வீட்டில் பத்து நிமிஷம் உட்காருவாள். செல்வி கொடுக்கிற காபியைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணே, வீட்டுக்கு மேல ஒரு சுத்து" என்பாள். நான் வைகையைத் தாண்டி, தர்காவை வலப்பக்கம் விட்டு, உன் மாடிக்கு மேலே தாழப் பறப்பேன். பச்சைச் சேலை கொடியில் தொங்கும். "இன்னும் காயல பாருங்க அந்தச் சேல" என்று சொல்லிவிட்டு எழுந்துபோவாள். ஒவ்வொரு முறையும் அதே வார்த்தைதான்.

அவளிடம் எப்படிச் சொல்வேன்? இரண்டு முறை கரண்ட் இல்லை என்று பொய் சொன்னேன். இரண்டாம் முறை தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஃபேனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஒங்களுக்கு இது வராதுண்ணே. என்னன்னு சொல்லுங்க."

சொன்னேன். கொஞ்ச நேரம் காபி டம்ளரையே திருப்பிக்கொண்டிருந்தாள். பிறகு, "அந்தப் புதுசு எப்படித்தான் இருக்குன்னு பாத்துருவமே. பாண்டி கடைக்கு வாங்க, நானும் வாரேன்" என்றாள். வெங்காய மூட்டையைச் செல்வி பொறுப்பில் விட்டுவிட்டு இரண்டு பேரும் ஷேர் ஆட்டோவில் போனோம்.

பாண்டி பெரிய திரை போட்டு வைத்திருந்தான். ஒத்துக்கொள்கிறேன், அழகாகத்தான் இருக்கிறது. மேகம் மேகமாகவே இருக்கிறது. மதுரையிலிருந்து கிளம்பி ஒரு வட்டம் அடித்து இறக்கப் போனேன். ரன்வே நெருங்கியதும் பழக்கப்படி மூக்கைத் தூக்கினேன். அடி விழவில்லை. கீழே தரை இல்லை மாப்ள. விமானம் அந்தரத்தில் மிதந்து, வேகம் செத்து, பிறகு தொப்பென்று விழுந்து சக்கரம் முறிந்தது. இத்தனை வருஷத்தில் நான் சக்கரத்தை முறித்ததில்லை, உனக்கே தெரியும்.

"ஏண்ணே இம்புட்டு சீக்கிரம் தூக்குறீங்க?" என்றான் பாண்டி.

நசீமாதான் பதில் சொன்னாள். "அவரு கட்டுன ஏர்போர்ட்டு உசரமா இருக்கும் தம்பி. அதான் அண்ணனுக்குக் கை அப்படிப் போகுது." பதினாறு வருஷம் கீழே அடுப்படியில் இருந்துகொண்டே நம் சண்டை அத்தனையையும் கேட்டிருக்கிறாள் பார்.

இரண்டாம் முறை கிளம்பிக் கோரிப்பாளையத்துக்கு ஓட்டினேன். உன் குவிமாடத்தைக் காணோம். அந்த இடத்தில் மூன்று மாடி அபார்ட்மெண்ட் ஒன்றை நட்டு வைத்திருக்கிறான் படுபாவி! மெஷினே உத்தேசமாகக் கட்டிக்கொள்ளுமாம். எழுந்து வந்துவிடலாம் என்றுதான் இருந்தது. நசீமா விடவில்லை. "வந்தது வந்தாச்சு, நம்ம வீட்டக் காட்டுங்க" என்றாள். தெருவைப் பிடித்து, வேகத்தைக் குறைத்து, தாழப் போனேன். வீடு ஒரு பெட்டி மாதிரி தெரிந்தது. கொடி இல்லை, சேலை இல்லை. அடுப்படிக்கு மேலே மட்டும் நீலமாக ஒரு திட்டு.

"அது என்னண்ணே நீலமா?"

எனக்கும் புரியவில்லை. இன்னொரு சுற்று வந்தேன். திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனவள் அப்படியே நின்றுவிட்டாள். "யா அல்லா, தார்ப்பாயி" என்றாள்.

உனக்கு ஞாபகம் இருக்கும். இல்லாமல் எப்படி? அடுப்படி ஒழுகுகிறது என்று அவள் மூன்று மழைக்காலம் உன்னோடு மல்லுக்கட்டினாள். "இன்ஷா அல்லா, கல்யாண சீசன் முடியட்டும்" என்று சொல்லிச் சொல்லியே நீ ஒரு நீலத் தார்ப்பாயைக் கட்டிவைத்தாய். நீ போன பிறகுதான் அவள் தம்பி வந்து அதைப் பிரித்துப் போட்டுவிட்டு, மாடி முழுக்க வெள்ளை ஓடு பதித்துக் கொடுத்தான்.

பாண்டிக்கு இதெல்லாம் தெரியாது. பாவம், சமாதானம் சொல்கிறான். "இது பழைய படம்க்கா. நாலஞ்சு வருசம் முன்னாடி சாட்டிலைட்டு எடுத்தது. கூடிய சீக்கிரம் மாத்திருவாங்க."

"அப்ப இந்தப் படம் எடுத்தன்னைக்கு அவரு கீழதான இருந்திருக்காரு?" என்றாள் நசீமா. பாண்டி என்னைப் பார்த்தான். நான் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு உன் வீட்டையே சுற்றிக்கொண்டிருந்தேன். "ஸ்டூடியோல இருந்திருப்பாரு. இல்ல, ஏதாச்சும் கல்யாணத்துக்குப் போயிருப்பாரு. எங்கயோ இந்த ஊருக்குள்ளதான் இருந்திருக்காரு." பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அன்னைக்கும் அந்தத் தார்ப்பாய்க்கு நான் அவர வஞ்சிருப்பேன்ண்ணே" என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. நான் அழுதேன். ஐம்பத்தொன்பது வயசு ஆள், அடுத்தவன் கடையில் உட்கார்ந்து.

திரும்பி வந்து பரவையில் ஆட்டோவை விட்டு இறங்கும்போதுதான் அவள் சொன்னாள். "மாத்திருங்கண்ணே. அந்த மெஷினுக்கு ஒவ்வொரு தடவையும் உசுரு வருமா வராதான்னு நீங்க பாத்துட்டு உக்காந்திருக்கீங்க. போதும்ண்ணே. எனக்கும் போதும்."

சரி என்றேன். வாதம் செய்யத் தெம்பில்லை. அவள் சொன்னது நியாயம் என்றும் பட்டது. அந்த நீலமும் ஒரு நாள் போய்விடும், அதுவும் எனக்குத் தெரியும். எதைத்தான் பிடித்து வைக்க முடிகிறது?

ஆகவே மாப்ள, இது என் முடிவு. வருகிற ஞாயிறு மதியம் நசீமா வருகிறாள். செல்வியும் பக்கத்தில் உட்காருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள், நம்பினால் நம்பு. உன் மெஷினுக்கு உயிர் வந்தால் கடைசியாக ஒரு முறை தர்காவைச் சுற்றி, சேலையைப் பார்த்துவிட்டு, உன் ரன்வேயில் டொம்மென்று இறக்கி, மெஷினை என் கையாலேயே அணைத்துவிடுவேன். உயிர் வராவிட்டால் துணியைப் போட்டு மூடிவிடுவேன், சண்டை போட மாட்டேன்.

ரிட்டயர் ஆனதும் புதியதில் வேலையை ஆரம்பிக்கிறேன். முதலில் அந்த அபார்ட்மெண்டை இடித்துவிட்டுக் குவிமாடம். டிக்கெட் அட்டையெல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, உன் எட்டுக் கணக்கோடு. பிறகு கொடி, பச்சைச் சேலை. எல்லாம் முடிந்த பிறகு ஏர்போர்ட்டைக் கொஞ்சம் உயர்த்தித் தரச் சொல்லிப் பாண்டியிடம் கேட்பேன். சரியாக இருக்கிறதை ஏன் கெடுக்கிறீர்கள் என்று அவன் தலையில் அடித்துக்கொள்வான். எம்புட்டு உயரம் என்று கேட்பான்.

ஐந்தடி நாலங்குலம் என்று சொல்லுவேன்.

உன் மச்சான்,
நசீமாவுக்கு அண்ணன்,
பரவை முருகேசன்