அம்மாவின் மிஷின் போடும் தாளம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நீயும் அப்பாவும் நலமா? உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், கவலை வேண்டாம்.

நான் கூட்டித் துடைக்கும் ஒத்திகை அறையில் ஒரு ஜாஸ் குழு வாசிக்கிறது. பாட்டே கிடையாது, வெறும் வாத்தியங்கள்தான். ஒவ்வொரு இசையும் எதிலிருந்து பிறந்தது என்று மேடையில் சொல்லிவிட்டுத்தான் வாசிப்பார்கள். ஒன்று லிஃப்டில் மாட்டிக்கொண்ட அன்று பிறந்ததாம். இன்னொன்று பியானோக்காரரின் பல்வலியில்.

திங்கட்கிழமை என்னை அறியாமல் வாளியில் தாளம் தட்டிக்கொண்டிருந்தேன். டிரம்ஸ்காரர் ஓடி வந்தார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

"தெரியாம தட்டிட்டேன் சார்."

"திட்டலம்மா, இன்னொரு தடவை தட்டு. நடுவுல தடுக்கி விழுந்து எழுந்திரிக்குதே, அதை எங்க புடிச்சே?"

"அம்மாவோட தையல் மிஷின் சார். பெல்ட் வழுக்கும்."

சாக்ஸபோன்காரர் சிரித்தார். "இவன் இருபது வருஷமா தேடுனதை உங்கம்மா பெல்ட்டு கண்டுபிடிச்சிருச்சு!"

அது இப்போது முழு இசையாகிவிட்டது. மேடையில் உன் மிஷினைப் பற்றிச் சொல்ல உன் சம்மதம் வேண்டுமாம். நீ வேண்டாமென்றால் வாசிக்கவே மாட்டார்களாம். அவ்வளவு மரியாதையாகக் கேட்டார்கள். பழைய மிஷின் என்று கூச்சப்படாமல் சரி என்று சொல், அம்மா.

பெல்ட்டை இப்போது மாற்றாதே. ஞாயிற்றுக்கிழமை நான் பேசும்போது போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொஞ்சம் மிதி. தைக்கத் துணி இல்லாவிட்டாலும் சும்மா ஓட்டு. அவர்களுக்காக இல்லை, நான் கேட்கத்தான்.

மேனேஜர் கூப்பிடுகிறார், ஓடுகிறேன்.

உன் சின்னவள்