கோமாரிப் பாலத்துக்கு முன்னால் திரும்பிய நாள்

வியாழக்கிழமைப் பின்னேரம் உன் மகள் சஹ்லா உன் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு எங்கள் கேட்டுக்கு வந்தாள். நீ மௌத்தாகி ஏழு மாதமாக அது பழைய படுக்கைவிரிப்பின் கீழ்தான் நின்றதாம். டயர் இரண்டிலும் காற்று இல்லை. "சாச்சி, இதை ஓடுற மாதிரி ஆக்கித் தாங்க. திங்கக்கிழமையில இருந்து நான் இதிலதான் வேலைக்குப் போகப் போறன்" என்றாள். கராஜில் கொடு என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் நீ கபுறுக் குழியில் இருந்து எழும்பி வந்து ஏசுவாய் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

அவள் போனதும் சீட்டைத் தூக்கினேன். டியூப் ரப்பர் வாசம் அடித்தது. அதோடு கொஞ்சம் பெற்றோல், உன் கிளினிக் பையின் மருந்து வாசம். நீ பக்கத்தில் குந்திக்கொண்டு "என்ன புள்ள பாத்துக்கிட்டு இரிக்காய், ஸ்பேனரை எடு" என்று சொல்லாததுதான் குறை.

மேலே கிடந்தது உன் கால்வார். பழைய டியூபை வெட்டி நீ செய்த மூன்றில் ஒன்று. அடையாளத்துக்கு நீல நூல் கட்டியது உனக்கு, சிவப்பு எனக்கு, பச்சை காரைதீவு வதனி டீச்சருக்கு. வதனிக்கு அது தேவையே இல்லை, அவள் சுடிதார்க்காரி. "எனக்கு மட்டும் இல்லையோ?" என்று அவள் முகத்தைத் தூக்கிக்கொண்டதால் அவளுக்கும் ஒன்று செய்து கொடுத்தாய்.

அந்த வாருக்குக் காரணமே என் அபாயாதான். நாம் மூன்று பேரும் முதன்முதலாக ஒலுவில் பக்கம் போன ஞாயிற்றுக்கிழமை, நிந்தவூரைத் தாண்டியதும் என் அபாயாவின் ஓரத்தைப் பின் சில்லு இழுத்து விழுங்கிவிட்டது. விழவில்லை, ஆனால் முழங்கால் வரைக்கும் கிழிந்து, நடுவீதியில் அசையவும் முடியாமல் நின்று அழுதேன். நீ முதலில் வயிறு குலுங்கச் சிரித்தாய். பிறகு பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, "தொப்புள்கொடி வெட்டின கை புள்ள, ஆடாம நில்லு" என்று சொல்லிச் சில்லில் சிக்கிய துணியை வெட்டி எடுத்தாய். அடுத்த நாள் கந்தோருக்கே வந்து, என் மேசையில் அந்த ரப்பர் வாரை வைத்தாய். கரண்டைக் காலுக்கு மேல் அபாயாவைச் சேர்த்துப் போட்டுக்கொண்டால் காற்றுக்கும் எழும்பாது, சில்லுக்கும் எட்டாது. கந்தோரில் எல்லோரும் அது என்ன என்று கேட்டார்கள். மிட்வைஃப் தந்த மருந்து என்றேன்.

கிழமை நாட்களில் நீ பிள்ளைத்தாய்ச்சிமார் வீடுகளுக்கு ஓடுவாய், நான் கந்தோருக்கு, வதனி பள்ளிக்கு. "ஞாயித்துக்கிழமை மட்டும் போகத் தேவையில்லாத இடத்துக்குப் போகணும்" என்பாய். சொறிக்கல்முனைப் பக்கம் வயல் வீதிகளில் ஒரு நாள், இங்கினியாகலை ஒரு நாள், உன் ஆசைக்குக் கோமாரிப் பாலம் பல நாள். பாலத்தில் ஸ்கூட்டர்களை ஓரமாக நிறுத்தி, ஃபிளாஸ்கில் கொண்டுபோன பிளேன்டீயைக் குடித்துவிட்டு, தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவோம். வேறொன்றும் செய்ததில்லை. மூன்று பெண்கள் இப்படி எங்கே போகிறார்கள் என்று உன் மாப்பிள்ளையிடம், சஹ்லாவின் வாப்பாவிடம், யாரோ விசாரித்திருக்கிறார்கள். அவர் வந்து உன்னிடம் கேட்டதற்கு, "ஒயில் மாத்தினா ஓடிப் பாக்கத்தானே வேணும்" என்றாயாம். அந்த மனிசனும் அதை அப்படியே போய்ச் சொல்லியிருக்கிறார்.

அந்த ஒயில் மாற்றிய கூத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. கராஜில் ஆண்களுக்கு நடுவில் காத்து நிற்கப் பிடிக்காமல், ஃபோனில் வீடியோ பார்த்து நாமே மாற்றுவோம் என்று இறங்கினோம். ஸ்கூட்டருக்குக் கீழே இரண்டு போல்ட் இருக்கிறது என்று எந்த வீடியோவும் நமக்குச் சொல்லவில்லை, அல்லது நாம் கேட்கவில்லை. நீ கியர் ஒயில் போல்ட்டைத் திறந்து அதை வடித்துவிட்டு, எஞ்சினுக்குள் பழைய ஒயிலின் மேலேயே புதிய ஒயிலை ஊற்றிவிட்டாய். ஸ்டார்ட் பண்ணியதும் சந்தி முழுக்கப் புகை. கடைசியில் அதே கராஜுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். கராஜ் பாஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பிள்ளப்பேறு பாக்கிற ஆளுக்கு எது எங்க இரிக்கின்னு தெரியாதா?" என்று கேட்டார். உனக்கு வந்த ரோசத்துக்கு அன்றைக்கே ஒரு கொப்பி வாங்கினாய்.

அதில் பிள்ளைத்தாய்ச்சிக்குக் கார்ட் எழுதுவதுபோல ஸ்கூட்டருக்கு எழுதுவாய். திகதி, போன இடம், ஒரு வரியில் பார்த்தது, அடுத்து பார்க்க வேண்டியது. எங்களுக்கு அந்தக் கொப்பியைக் காட்டவே மாட்டாய். "நோயாளிர விசயம் வெளிய கதைக்கப்படாது" என்பாய்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன். எழுத வேண்டியது வேறு. உனக்கு என் மேல் கோபமா இல்லையா என்பதுதான் இந்த ஏழு மாதமாக என்னைத் தின்ற கேள்வி. ஜனாஸாவுக்கு வந்து உன் முகத்தைப் பார்த்தபோதும் அதைத்தான் கேட்டேன்.

வயிற்று வலி என்று போன நீ கொழும்பில் இரண்டு மாதம் கிடந்து, பாதி ஆளாகத் திரும்பி வந்தாய். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்பது உனக்கு எங்களுக்கு முன்பே தெரியும். ஒருநாள் என் கையைப் பிடித்து, "கோமாரிப் பாலம் மட்டும் புள்ள. பின் சீட்டில இருந்து வாறன். நான் பின் சீட்டிலயே இருந்ததில்ல, அதையும் பாத்திடுவமே" என்றாய். உன் மாப்பிள்ளை மறுக்கவில்லை. "பத்திரமாக் கூட்டிட்டு வாங்க" என்று என்னிடம் மட்டும் சொன்னார். அந்த ஒரு சொல் என் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அந்த ஞாயிறு ஸுபஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். வதனி முன்னால், நான் பின்னால், என் முதுகில் நீ. அட்டாளைச்சேனை வரைக்கும் நீ வாய் ஓயவில்லை. யார் யார் வீட்டில் எத்தனை பிள்ளைகளுக்கு நீ கை கொடுத்தாய் என்று காட்டிக்கொண்டே வந்தாய். அக்கரைப்பற்றுக்குப் பிறகு பேச்சு குறைந்தது. திருக்கோவில் தாண்டி விநாயகபுரம் வந்தபோது உன் தலை என் முதுகில் சாய்ந்துவிட்டது. கூப்பிட்டேன். திரும்பவும் கூப்பிட்டேன். "ஓம், இரிக்கன்" என்றாய், மிக மெல்ல. வதனிக்கு ஹோர்ன் அடித்து நிறுத்தினேன். போதும், திரும்புவோம் என்றேன்.

"இன்னும் கொஞ்சத் தூரம்தானே இரிக்கி?" என்று கேட்டாய்.

"சும்மா இரி. உனக்கு ஏதும் ஆகினா நான் யாருக்குப் பதில் செல்ற?" என்று கத்தினேன். ஓம், கத்தினேன். அந்த உடம்போடு நீ கேட்ட ஒரேயொரு ஆசைக்கு நான் நடுவீதியில் வைத்து ஏசினேன். வீடு வந்து சேரும் வரைக்கும் உன்னிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. இறங்கும்போது என் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனாய். மூன்று கிழமைக்குள் நீ இல்லை.

அந்த மௌனத்தைத்தான் என்னால் சுமக்க முடியவில்லை. இன்னும் கொஞ்சத் தூரம் போயிருந்தால் பாலம் வந்திருக்கும். அதற்குப் பிறகு நான் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கேயும் போகவில்லை. வதனி கூப்பிடும்போதெல்லாம் தலையிடி, விருந்தாளி, மழை என்று ஏதாவது சொல்வேன். அவளும் ஒரு கட்டத்தில் கூப்பிடுவதை விட்டுவிட்டாள்.

கால்வாரை எடுத்த பிறகு சீட்டுக்கு அடியில் துழாவினேன். ஷொப்பிங் பேக்கில் சுற்றி உன் கொப்பி இருந்தது. நோயாளி இப்போது என் கையில்தானே என்று உன்னிடம் ஒரு மன்னிப்பைச் சொல்லிவிட்டுத் திறந்தேன். கடைசிப் பக்கத்தில் உன் கையெழுத்து கோட்டில் நிற்காமல் சரிந்து போயிருந்தது. பிறகு சஹ்லாவிடம் கேட்டேன். அந்த ஞாயிறு வீட்டுக்கு வந்து படுத்ததும் கொப்பியையும் பேனையையும் கேட்டு வாங்கினாயாம், எழுதி முடித்ததும் சீட்டுக்கு அடியிலேயே வைக்கச் சொன்னாயாம்.

இதுதான் நீ எழுதியிருந்தது:

"போன இடம்: விநாயகபுரம். பின் சீட். நல்ல காத்து. இவள்ர பின் பிரேக் கீச்சுக் கீச்சு எண்டு அழுவுது, ஓடுறவளுக்குக் கேக்குதில்ல. வழி நெடுக அதைத்தான் கேட்டுக்கிட்டு வந்தன். இவளுக்கிட்ட பிரேக் ஷூ மாத்தச் செல்லணும்."

அவ்வளவுதான். பாலத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. திரும்பி வந்ததைப் பற்றி இல்லை, நான் கத்தியதைப் பற்றி இல்லை. மற்ற எல்லாப் பயணத்தையும் போல அதற்கும் போன இடம் என்று ஓர் ஊரை எழுதியிருந்தாய். நான் ஏழு மாதமாக உன் கோபம் என்று நினைத்துச் சுமந்த மௌனத்தில் நீ என் பிரேக்கைக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாய். ஸ்கூட்டரின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். என் மகன் ஓடி வந்து யார் மௌத்து என்று கேட்டான்.

வெள்ளிக்கிழமை உன் ஸ்கூட்டரை முடித்தேன். இரண்டு போல்ட்டையும் சரியாகத்தான் திறந்தேன், சந்தேகப்படாதே. சனிக்கிழமை என்னுடையதைத் தூக்கி நிறுத்தி, சைலன்சரைக் கழற்றி, பின் சில்லை வெளியே எடுத்தேன். ஷூ இரண்டும் இரும்பு தெரியத் தேய்ந்திருந்தன. இதோடுதான் உன்னை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன், பத்திரமாக. புதிதைப் போட்டு முடித்துவிட்டு வதனிக்கு ஃபோன் பண்ணினேன். "தலையிடி போயிட்டுதோ?" என்று கேட்டாள். போய்விட்டது என்றேன்.

இன்று காலை இரண்டு பேரும் போனோம். சிவப்பு நூல் வாரை ஒரு காலிலும் உன் நீல நூல் வாரை மற்றக் காலிலும் போட்டிருந்தேன். விநாயகபுரத்தில் நான் நிறுத்தவில்லை. பாலத்தில் நின்று பிளேன்டீ குடித்தோம், தண்ணீரைப் பார்த்தோம், திரும்பி வந்தோம். வரும் வழியெல்லாம் முன்னால் போகிறவர்களின் பிரேக் எல்லாம் என் காதில் விழுந்தது. திருக்கோவிலில் முன்னால் போன பெண்ணொருத்தியைப் பிடித்து நிறுத்தி, "தங்கச்சி, உங்கட பின் பிரேக் அழுவுது, ஷூ மாத்துங்க" என்று சொல்லியும் விட்டேன். அவள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள். வதனி சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்தாள்.

நாளைக்கு விடிந்ததும் சஹ்லா வந்து ஸ்கூட்டரை எடுத்துப் போவாள். நீல நூல் வாரைத் திருப்பிச் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டேன், இனி அது அவளுக்கு. கொப்பியும் அவளுக்குத்தான். அதை மூடுவதற்கு முன் உன் வரிக்குக் கீழே இன்றைய திகதி போட்டு எழுதியிருக்கிறேன்:

"போன இடம்: கோமாரிப் பாலம். ஷூ மாத்திட்டன் புள்ள. இப்ப சத்தமில்ல."